ஆடுவதற்கு ஒரு தெரு: நாட்டிங் ஹில் கார்னிவல் எங்கிருந்து வந்தது?

ஆகஸ்ட் மாதக் கடைசி வாரத்தில் மேற்கு லண்டனின் நாட்டிங் ஹில் பக்கம் போனால், தெருவுக்குத் தெரு பலகை அடிக்கும் சத்தம் கேட்கும். கடைக் கண்ணாடிக்கு முன்னால் ஒருவர் ப்ளைவுட்டைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் திருகாணியை முடுக்குவார். வீட்டு வாசல்களையும் அப்படியே மூடிவிடுவார்கள். இன்று அங்கே ஒரு வீட்டின் விலை பல மில்லியன் பவுண்டு. சொந்தக்காரர்களில் பலர் அந்த வாரக் கடைசிக்கு ஊரிலேயே இருக்க மாட்டார்கள். அதே தெருமுனையில் லாரியிலிருந்து ஆள் உயர ஸ்பீக்கர்களை இறக்கி அடுக்கிக்கொண்டிருப்பார்கள். ஞாயிறும் திங்களும் சேர்ந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்துபோவதாகக் கணக்குச் சொல்கிறார்கள். லண்டனில் குடியேறிய கரீபியன் மக்கள் வளர்த்த நாட்டிங் ஹில் கார்னிவல் அது; ஐரோப்பாவின் மிகப் பெரிய தெருத் திருவிழா.

பலகை அடிப்பவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் இதே தெருக்களில் கண்ணாடி உடையும் சத்தத்துக்கு முதலில் நடுங்கியவர்கள் யார் என்று தெரிந்துகொண்டால்தான் இந்தத் திருவிழா புரியும்.

1948 ஜூன் 22ஆம் தேதி, எம்பயர் விண்ட்ரஷ் என்ற கப்பல் லண்டனுக்குக் கிழக்கே டில்பரி துறைமுகத்தில் ஆட்களை இறக்கியது. ஜமைக்கா, டிரினிடாட் போன்ற கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள் மட்டும் சுமார் 800 பேர். போரில் சிதைந்த பிரிட்டனுக்கு வேலையாட்கள் தேவைப்பட்டார்கள். பேருந்து ஓட்ட, ரயில் பாதை பராமரிக்க, புதிதாகத் தொடங்கிய தேசிய மருத்துவச் சேவையில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள. அடுத்த பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் கப்பல் கப்பலாக வந்தார்கள். வேலை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. கறுப்பர்களுக்கு இடமில்லை என்று ஜன்னலிலேயே எழுதி ஒட்டிய காலம். நாட்டிங் ஹில் அப்போது ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. பழைய பெரிய வீடுகளை அறை அறையாகத் தடுத்து, பீட்டர் ராக்மன் போன்ற வீட்டுக்காரர்கள் கண்டபடி வாடகை வாங்கினார்கள். வங்கிகளும் எளிதில் கடன் தரவில்லை. அதனால் அந்த மக்கள் பார்ட்னர் என்ற முறையில் வாரா வாரம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, முறை வைத்து மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள். நம் ஊர்ச் சீட்டேதான். வீடு வாங்க முன்பணம் கட்டியவர்கள் பலர் அப்படித்தான் கட்டினார்கள்.

1958 ஆகஸ்ட் கடைசியில் வெள்ளை இளைஞர் கும்பல்கள் கம்பும் கத்தியும் சைக்கிள் செயினுமாக நாட்டிங் ஹில்லில் இறங்கின. கரீபியன் மக்களின் வீடுகளில் கல்லெறிந்து, பெட்ரோல் குண்டு வீசி, தெருவில் தனியாக அகப்பட்டவர்களை அடித்தார்கள். இரவுக்கு இரவு, ஏறத்தாழ ஒரு வாரம் இது நடந்தது. பிற்பாடு ஒன்பது வெள்ளை இளைஞர்களுக்கு நீதிபதி சாமன் ஆளுக்கு நான்காண்டுச் சிறைத் தண்டனை விதித்தார். ஆனால் பயம் போய்விடவில்லை. வேலை முடிந்து இருட்டில் வீட்டுக்கு நடப்பது என்பதே துணிச்சல் வேண்டிய காரியமாகிவிட்டது.

இந்த இடத்தில்தான் கிளாடியா ஜோன்ஸ் வருகிறார்.

1915இல் டிரினிடாட்டின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு நியூயார்க்கின் ஹார்லம் பகுதிக்குப் போனார். அங்கே வறுமை, ஈர வீடு, பதின்வயதில் காசநோய். அந்த நோய் கெடுத்த உடம்போடுதான் கடைசிவரை வாழ்ந்தார். அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து எழுதினார், பேசினார். அதற்காகவே சிறைக்கு அனுப்பி, 1955 டிசம்பரில் நாட்டைவிட்டே வெளியேற்றினார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட தீவில் பிறந்தவர் என்பதால் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். 1958 மார்ச்சில் பிரிக்ஸ்டனில் 'வெஸ்ட் இண்டியன் கெஸட்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். தாக்குதல் நடந்தபோது அது பிறந்து ஆறே மாதம்.

அடிபட்ட சமூகத்துக்கு ஒரு பத்திரிகையாளர் என்ன செய்யலாம்? தலையங்கம் எழுதலாம், கூட்டம் போடலாம். அதையெல்லாம் அவர் செய்தார். அதோடு கார்னிவல் நடத்துவோம் என்றும் முடிவெடுத்தார். இப்போது நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. 1959 ஜனவரி 30 அன்று செயின்ட் பான்கிராஸ் நகர மன்றத்தில் அது நடந்தது. நாட்டிங் ஹில்லிலிருந்து சில மைல் தள்ளி, நான்கு சுவர்களுக்குள். டிரினிடாட்டில் கார்னிவல், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால், பிப்ரவரி மார்ச் வாக்கில் வரும். அந்தக் காலத்தை ஒட்டி நடத்த வேண்டுமென்றால் லண்டன் குளிரில் மண்டபம்தான் சரி. டிரினிடாட்டின் கலிப்ஸோ பாட்டுகளைப் பாடகர்கள் பாடினார்கள், ஸ்டீல்பேன் என்ற இரும்பு வாத்தியம் முழங்கியது, நடனம் இருந்தது, அழகிப் போட்டி இருந்தது. கறுப்புப் பெண்ணை அழகியென்று எந்த மேடையும் அழைக்காத ஊரில் அந்தப் போட்டிக்கு வேறு அர்த்தம் உண்டு. பிபிசி அதை ஒளிபரப்பியது.

அன்றைய விழா மலரின் முகப்பு வாசகம் இதுதான்: ஒரு மக்களின் கலையே அவர்களது விடுதலையின் தொடக்கம். மலருக்குள் இன்னொரு வரி உண்டு. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. மலர் விற்ற பணத்தில் ஒரு பகுதி, நாட்டிங் ஹில் சம்பவங்களில் சிக்கிய கறுப்பு, வெள்ளை இளைஞர்களின் அபராதத்தைக் கட்ட உதவும் என்று அச்சிட்டிருந்தார்கள். வெள்ளை இளைஞர்களுக்கும்தான். அடி வாங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

அந்த ஆண்டு மே 17ஆம் தேதி, ஆன்டிகுவாவிலிருந்து வந்த கெல்சோ காக்ரேன் என்ற 32 வயதுத் தச்சர், கைவிரலில் பட்ட காயத்துக்கு மருத்துவமனையில் பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியில், நாட்டிங் ஹில்லின் சவுதம் தெருவில் வெள்ளை இளைஞர்களால் குத்திக் கொல்லப்பட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறுதி ஊர்வலத்தில் நடந்தார்கள். அந்தக் கொலைக்காக இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. கிளாடியா தன் மண்டபக் கார்னிவலை ஆண்டுதோறும் நடத்திக்கொண்டே இருந்தார். 1964 டிசம்பரில், 49 வயதில் காலமானார். ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் கார்ல் மார்க்ஸின் கல்லறைக்குப் பக்கத்தில் அவரைப் புதைத்திருக்கிறார்கள். தெருவில் நடந்த கார்னிவலை அவர் பார்க்கவே இல்லை.

சரி, அடிபட்டவர்கள் எதற்காகக் கார்னிவலைக் கையில் எடுக்க வேண்டும்? டிரினிடாட்டின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே குடியேறிய பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள், தவக்காலத்துக்கு முன்னால் முகமூடி அணிந்து விருந்தாடினார்கள். அடிமைகளுக்கு அந்தத் திருவிழாவில் இடமில்லை. கரும்புக் காட்டில் தீப்பிடித்தால் நள்ளிரவிலும் சாட்டையடியோடு ஓட்டிச் சென்று அணைக்க வைப்பதுதான் அவர்களுக்கு வாய்த்தது. 1834இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. 1838இல் முழு விடுதலை வந்தது. விடுதலை பெற்றவர்கள் தீப்பந்தமும் மேளமுமாக அந்தக் கரும்புத் தீ ராத்திரியையே ஊர்வலமாக நடித்துக் காட்டினார்கள். முதலாளிகளின் உடையை அணிந்து, முதலாளிகளின் நடையை நடந்து கேலி செய்தார்கள். பிரெஞ்சில் எரிந்த கரும்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து அந்த ஊர்வலத்துக்குக் கேம்பூலே என்று பெயர் வந்தது. 1881இல் போலீஸ் அதை அடக்கப் பார்த்தபோது போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருக்களில் பெரிய மோதல் வெடித்தது. அதற்குப் பிறகு தீப்பந்த ஊர்வலத்துக்கும் மேளத்துக்கும் சட்டம் போட்டுத் தடை விதித்தார்கள்.

நம் ஆட்களும் இந்தக் கதையில் ஓர் ஓரத்தில் உண்டு. 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாக டிரினிடாட்டின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன இந்தியர்களில் பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்து கப்பலேறியவர்கள். சென்னையிலிருந்து ஏறியவர்களும் உண்டு. அவர்கள் இந்து, முஸ்லிம் பேதமில்லாமல் மொஹரம் ஊர்வலம் நடத்தினார்கள். அங்கே அதற்கு ஹோசே என்று பெயர். 1884இல் ஹோசே ஊர்வலம் நகரத்துக்குள் வரக்கூடாது என்று அதே அரசு தடுத்தது. மீறி வந்தவர்களை சான் ஃபெர்னாண்டோவில் போலீஸ் சுட்டதில் பலர் இறந்தார்கள். ஆப்பிரிக்க மேளத்தையும் இந்திய மேளத்தையும் ஒரே கை, ஒரே காலத்தில் தடுத்திருக்கிறது.

மேளத்தைப் பிடுங்கியதும் மக்கள் மூங்கிலை எடுத்தார்கள். வெவ்வேறு நீளத்தில் வெட்டிய மூங்கில்களைத் தரையில் குத்தியும் ஒன்றோடொன்று தட்டியும் தாளம் போட்டார்கள். 1930களின் கடைசியில் பிஸ்கட் டின், பெயின்ட் டப்பா, குப்பைத் தொட்டி மூடி என்று கையில் அகப்பட்டதெல்லாம் வாத்தியமானது. தகரத்தில் குழி விழுந்த இடமும் மேடான இடமும் வேறு வேறு சுரம் தருவதை போர்ட் ஆஃப் ஸ்பெயினின் ஏழைப் பேட்டைப் பையன்கள் கவனித்தார்கள். அப்புறம் எண்ணெய் பீப்பாய் வந்தது. எண்ணெய் எடுக்கும் தீவு அது. 55 கேலன் பீப்பாய்களுக்குப் பஞ்சமில்லை.

ஒரு பேன் எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். முதலில் பீப்பாயின் அடித்தட்டைச் சம்மட்டியால் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றி அடித்து, அகன்ற சட்டிபோலக் குழிய வைப்பார்கள். தகரம் கிழிந்துவிடக் கூடாது. அதற்குப் பல மணிநேரப் பொறுமை வேண்டும். பிறகு ஒவ்வொரு சுரத்துக்கும் இடம் குறித்து, குறித்த கோட்டில் உளிபோன்ற கருவியால் தட்டி வரம்பு கட்டுவார்கள். பீப்பாயின் பக்கச் சுவரை வேண்டிய நீளத்துக்கு வெட்டுவார்கள். மெட்டு வாசிக்கும் பேனுக்குச் சுவர் ஒரு சாணுக்கும் குறைவு. அடித்தொனி தரும் பேனுக்கு முழுப் பீப்பாயும் வேண்டும். ஒரே ஆள் அப்படிப்பட்ட ஆறு, ஒன்பது பீப்பாய்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டு வாசிப்பார். வெட்டியதை நெருப்பில் காட்டி ஆற வைப்பார்கள். கடைசியாக வருவதுதான் நிஜமான வித்தை. சுருதி சேர்ப்பவர் சின்னச் சுத்தியலால் மேலும் கீழுமாக மெல்லத் தட்டி, காதை மட்டும் நம்பி, ஒவ்வொரு மேட்டையும் சரியான சுரத்துக்குக் கொண்டுவருவார். பக்கத்து மேட்டைத் தட்டினால் ஏற்கெனவே சேர்த்த சுரம் நழுவும். திரும்ப வந்து தட்டுவார். ரப்பர் சுற்றிய குச்சியால் வாசித்துப் பார்க்கும்போது, கச்சா எண்ணெய் சுமந்த இரும்பா இது என்று தோன்றும். அதே பீப்பாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து கரி போட்டால், ஜமைக்காக்காரர்கள் ஜெர்க் கோழி சுடும் அடுப்பு. கார்னிவல் நாளில் காதுக்கும் மூக்கிற்கும் வருவது ஒரே பீப்பாயிலிருந்துதான்.

1951இல் பிரிட்டன் விழா என்று லண்டனில் பெரிய கொண்டாட்டம் நடந்தபோது, டிரினிடாட்டிலிருந்து ஒரு ஸ்டீல்பேன் குழு வந்து வாசித்தது. விழா முடிந்ததும் மற்றவர்கள் கிளம்ப, ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் என்ற இளைஞர் மட்டும் லண்டனிலேயே தங்கிவிட்டார். அவரும் ரஸ் ஹென்டர்சனும் சேர்ந்து குழு அமைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏர்ல்ஸ் கோர்ட்டில் உள்ள ஒரு மதுக்கடையில் வாசித்துவந்தார்கள்.

1966 செப்டம்பரில் ரோன் லாஸ்லெட் என்ற பெண்மணி நாட்டிங் ஹில்லில் ஒரு வாரத் தெருவிழாவுக்கு ஏற்பாடு செய்தார். லண்டன் கிழக்குப் பகுதியில் பிறந்தவர். தாய் அமெரிக்கப் பூர்வகுடி, தந்தை ரஷ்யர். அக்கம்பக்கத்து ஏழைக் குழந்தைகள் ஓடியாட இடம் வேண்டும், பல நாட்டவர் நெருங்கி வாழும் அந்தப் பகுதியில் எல்லாரும் ஒன்றாக வெளியே வர ஒரு காரணம் வேண்டும் என்பது அவர் எண்ணம். ரஸ் ஹென்டர்சன் குழுவையும் வாசிக்க அழைத்தார். தெருவில் கொஞ்ச நேரம் வாசித்தவர்கள், பேனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். எந்தப் பாதை என்று யாரும் திட்டமிடவில்லை. வீட்டுக்குள் இருந்த கரீபியன் மக்களுக்கு அந்தச் சத்தம் என்ன சத்தமென்று சொல்ல வேண்டியதில்லை. கதவைத் திறந்து வந்தார்கள், பின்னாலேயே நடந்தார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒளிந்து நடக்க வேண்டியிருந்த அதே தெருக்கள்.

கார்னிவலின் தாய் கிளாடியாவா, ரோனா என்று இன்னும் வாதம் நடக்கிறது. இந்த வாதத்தில் ஒருவரைத் தள்ளிவிட்டு மற்றவரை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் இருவரையும் ஒன்றுபோலப் பேசுவதும் தவறு. இது வெறும் கேளிக்கை இல்லை, அடித்தவனுக்கான பதில் என்ற உணர்வு கிளாடியா தந்தது. அதைத் தெருவுக்கு அழைத்தது ரோன். நடந்து காட்டியது கழுத்தில் இரும்பு மாட்டிய சில இசைக்காரர்கள். அவர்கள் பெயரை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம்.

அடுத்த ஆண்டு, 1967இல், வடக்கே லீட்ஸ் நகரிலும் கரீபியன் மக்கள் தங்கள் கார்னிவலைத் தொடங்கினார்கள். அதுவும் இன்றுவரை நடக்கிறது.

நாட்டிங் ஹில்லில் ஒரு சிக்கல் இருந்தது. கரீபியன் என்பது ஒரே ஊர் கிடையாது. பேனும் கலிப்ஸோவும் டிரினிடாட்டின் சொத்து. ஜமைக்காவிலிருந்து வந்தவர்களுக்கும், லண்டனிலேயே பிறந்து, ஜமைக்காவின் ரெகே இசை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கும் அதில் முழுமையாக ஒட்ட முடியவில்லை. 1973இல் பொறுப்புக்கு வந்த லெஸ்லி பாமர் என்ற டிரினிடாட் இளைஞர் இதைப் புரிந்துகொண்டார். ஜமைக்கா பாணி சவுண்ட் சிஸ்டம்களைத் தெருமுனைகளில் நிறுத்த அழைத்தார். சவுண்ட் சிஸ்டம் என்றால் வெறும் ஸ்பீக்கர் வாடகை என்று எண்ண வேண்டாம். இசைக்குழுவுக்குக் காசு கொடுக்க முடியாத, ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைகள், தாங்களே செய்த ராட்சத ஸ்பீக்கர்களோடு தெருவில் நடத்திய நடன அரங்கு அது. லண்டனில் கிளப் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட கறுப்பு இளைஞர்கள் அடித்தள அறைகளில் அதை வளர்த்தார்கள். அது தெருவுக்கு வந்ததும் கூட்டம் லட்சக்கணக்கானது.

கூட்டம் பெருகியதும் போலீஸும் பெருகியது. அந்த வட்டாரத்துக்கும் போலீஸுக்கும் ஏற்கெனவே தீராத கணக்கு இருந்தது. கரீபியன் மக்கள் கூடும் இடமாக இருந்த, ஃபிராங்க் கிரிச்லோ நடத்திய மாங்குரோவ் உணவகத்தை ஒன்றரை ஆண்டுக்குள் பன்னிரண்டு முறை சோதனை போட்டார்கள். அதை எதிர்த்து 1970 ஆகஸ்டில் ஊர்வலம் போனவர்களில் ஒன்பது பேர்மீது வழக்குத் தொடுத்தார்கள். 1971இல் 55 நாள் நடந்த விசாரணையில், கலகம் செய்தார்கள் என்ற முக்கியக் குற்றச்சாட்டிலிருந்து ஒன்பது பேரும் விடுதலை ஆனார்கள். அவர்களில் டார்கஸ் ஹவ்வும் அல்தியா ஜோன்ஸ்-லெகாயின்ட்டும் தங்களுக்காகத் தாங்களே வாதாடினார்கள். போலீஸ் தரப்பிலும் இனவெறுப்பு இருந்தது என்று நீதிபதியே சொல்லும்படி ஆனது. சந்தேகம் என்ற ஒரே காரணத்துக்காகத் தெருவில் போகிற இளைஞனைப் பிடிக்க, 1824ஆம் ஆண்டின் நாடோடிச் சட்டம் அப்போதும் கையில் இருந்தது. 1976 கார்னிவலுக்குச் சுமார் 3,000 போலீஸாரை இறக்கினார்கள். பிக்பாக்கெட் என்று ஒருவரைப் பிடிக்கப் போன இடத்தில் தொடங்கியது பெரும் மோதலானது. நூற்றுக்கும் மேற்பட்ட போலீஸாரும் பொதுமக்களில் பலரும் காயப்பட்டார்கள்.

அந்த ஒரு நாளின் நிழலில்தான் பத்திரிகைகள் இன்றுவரை கார்னிவலைப் பார்க்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் எத்தனை கைது என்பதுதான் முதல் செய்தி. வன்முறை நடக்கும் ஆண்டுகள் உண்டு, உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் அதையே காரணமாக்கி, மைதானத்துக்குள் கொண்டுபோங்கள், பூங்காவுக்கு மாற்றுங்கள் என்ற யோசனை திரும்பத் திரும்ப வருகிறதே, அது கார்னிவலின் உயிரையே கேட்கிறது. வேலி போட்ட பூங்காவுக்குள் யாரும் ஆடலாம். குடியிருந்த தெருவில் தலைநிமிர்ந்து நடப்பதற்குத்தான் இத்தனை பாடு.

பணக் கதையும் இதோடு சேர்ந்ததுதான். லண்டன் பொருளாதாரத்துக்கு இதனால் ஓர் ஆண்டில் 9.3 கோடி பவுண்டு வருகிறது என்று 2003இல் ஓர் அரசு ஆய்வு சொன்னது. 2025இலோ, பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குப் பணமில்லாமல் விழாவே நிற்குமோ என்ற நிலை வந்தது. லண்டன் மேயர் அலுவலகமும் இரண்டு உள்ளூர் மன்றங்களும் சேர்ந்து சுமார் 9.58 லட்சம் பவுண்டு தந்த பிறகுதான் நடந்தது. விழாவால் சம்பாதிப்பவர்கள் எங்கோ இருக்கிறார்கள். அதற்காக மாதக்கணக்கில் கம்பி வளைத்து, இறகு ஒட்டி, மணி கோர்த்து உடை செய்யும், மாஸ் எனப்படும் வேட ஊர்வலக் குழுக்கள் பெரும்பாலும் தங்கள் கைக்காசையும் விடுமுறையையும் போட்டுத்தான் செய்கின்றன.

கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2017 ஜூன் 14 அன்று நாட்டிங் ஹில்லுக்குப் பக்கத்திலேயே கிரென்ஃபெல் என்ற அடுக்குமாடிக் கட்டடம் தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள். அந்த வட்டாரத்துச் சாதாரண மக்கள்; பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். அந்த ஆகஸ்டிலிருந்து கார்னிவலில் பிற்பகல் மூன்று மணிக்கு எல்லாவற்றையும் நிறுத்துகிறார்கள். லாரிகள் நிற்கும், ஸ்பீக்கர்கள் அடங்கும், பேன்காரர்கள் குச்சியைத் தாழ்த்துவார்கள். தலையில் இறகு சூடிய பெண்கள் ஆட்டத்தை விட்டு அப்படியே நிற்பார்கள். இப்போது, இறந்த ஓர் ஆளுக்கு ஒரு நொடி என்று 72 நொடி. அது முடிந்ததும் தெரு மறுபடி ஆடும்.